தொலைவிலுள்ளார்க்கு ஓர் இதழ்

நேரிற் பேசுவோனுக்கு முகக்குறிப்பும் குரலும் துணை நிற்கும். கண்காணாத் தொலைவில் இருப்பார்க்கு எழுதுவோனுக்கோ எழுத்து ஒன்றே துணை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காந்தியடிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தார்.

அந்நாட்டு இந்தியர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களிலும் டிரான்ஸ்வாலின் நகரங்களிலுமாகச் சிதறி வாழ்ந்தனர். ஓரிடத்தார் படும் இன்னலை மற்றோரிடத்தார் அறிவது அரிதாயிருந்தது. இந்நிலையில், 1903ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் வார இதழ் டர்பனில் தோன்றியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்னும் நான்கு மொழிகளிலும் அது வெளிவந்தது. மன்சுக்லால் நாசர் அதன் முதல் ஆசிரியர். எனினும், பொருட்சுமையும் எழுத்துச்சுமையும் பெரிதும் காந்தியடிகளையே சார்ந்தன. ஒரு காலத்தில் அவர் திங்கள்தோறும் 75 பவுன் அனுப்ப வேண்டியிருந்தது. தக்க எழுத்தாளர் கிடைக்காமையால், தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் சில ஆண்டுகளில் நின்றன. தமிழர் மிக்கு வாழ்ந்த அந்நாட்டில் இஃது ஓர் இழப்பே.

1904ஆம் ஆண்டின் இறுதியில் அச்சகம் டர்பனிலிருந்து 14 மைல் தொலைவிலிருந்த ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றப்பட்டது. அங்கே முதல் இதழ் அச்சாக வேண்டிய இரவில் எண்ணெய் எஞ்சின் இயங்க மறுத்தது. இத்தகைய இடையூறு நேரலாம் என்று எண்ணிக் கையாற் சுழற்றும் சக்கரம் ஒன்றை முன்னரே அமைத்திருந்தனர். ஆனால் அதனைச் சுற்ற ஒரே வேளையில் நால்வர் வேண்டும். பண்ணையில் இருந்தவர்களோ களைத்துப் போயினர். வீடு கட்ட வந்திருந்த தச்சர்கள் அங்கேயே உறங்கிக் கொண்டிருந்தனர். காந்தியடிகள் அவர்களை எழுப்பி உதவி வேண்டினார். அவர்களும் மகிழ்வுடன் இசைந்தனர். அனைவரும் முறை வைத்துச் சக்கரத்தைச் சுழற்ற, விடியும் வரை வேலை நடந்தது. காலையில் மீண்டும் முயன்றபோது எஞ்சின் இயங்கிற்று. இதழும் உரிய நேரத்தில் அனுப்பப்பெற்றது.

ஆராயாமல் ஒரு சொல்லும் எழுதலாகாது, மிகைப்படுத்தலாகாது, பிறரை மகிழ்விப்பதற்கென்றே எதனையும் எழுதலாகாது என்பன காந்தியடிகள் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள். வாசகர்களும் அவருக்கு ஓயாது மடல் எழுதினர். சில மடல்கள் அன்பு மிக்கவை. சில மிகவும் கசப்பானவை. அனைத்தையும் அவர் படித்தார், ஆராய்ந்தார், விடை தந்தார்.

டிரான்ஸ்வாலில் 1906ஆம் ஆண்டில் எழுந்த அறப்போருக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர், அது வலியற்றோர் கருவி என்னும் தவறான எண்ணத்தை விளைத்தது. ஆகவே, பொருத்தமான பெயர் கூறுவோர்க்குச் சிறு பரிசு உண்டு என இதழில் அறிவிக்கப்பட்டது. மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்னும் சொல்லை அனுப்பினார். பொருள் மேலும் தெளிவுற வேண்டும் என்று கருதிய காந்தியடிகள் அதனைச் 'சத்தியாக்கிரகம்' எனத் திருத்தினார்.

இதழைத் தனியே வாங்க இயலாத எளியோர் சிலர் கூட்டாகச் சந்தா செலுத்தினர். இதழ் வந்ததும் ஒருவர் உரக்கப் படிப்பார். ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர்.