எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து

மாணவர்களே! 5 மீட்டருடன் 3 விநாடியைக் கூட்டினால் விடை என்ன? கூட்ட இயலாது என்பீர்கள். நீளமும் காலமும் வெவ்வேறு வகை அளவுகள். கணிப்பொறியில் தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளத்திலும் இந்த வகைச் சிக்கல் உண்டு.

தரவுத்தளத்தைப் பத்திகளும் வரிகளும் கொண்ட அட்டவணையாகக் கொள்வோம். ஒவ்வொரு பத்திக்கும் எண், எழுத்து, தேதி என ஒரு தரவு வகையைக் குறிப்பிடலாம். மதிப்பெண் பத்தியை 'முழு எண்' எனக் குறித்துள்ளோம். இரு மாணவர்கள் 80, 90 பெற்றனர். மூன்றாமவர் தேர்வு எழுதவில்லை. அவருக்கு 'வரவில்லை' எனப் பதிவு செய்தால் என்ன நிகழும்?

போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளம் பிழை என அறிவித்து அவ்வரியை ஏற்க மறுக்கும். இது கண்டிப்பான முறை. ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்க்யூலைட், நெகிழ்வான முறையைப் பின்பற்றுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இயங்குவது இதுவே. எழுத்து வடிவில் '80' தந்தால் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். மாற்ற இயலாத 'வரவில்லை'யை எழுத்தாகவே சேமிக்கும்.

இப்போது சராசரியைக் கேட்போம். எஸ்க்யூலைட் 'வரவில்லை'யை 0 எனக் கொள்ளும். 170ஐ 3ஆல் வகுத்து, ஏறத்தாழ 56.67 என விடை தரும். தேர்வு எழுதியவர்களின் சராசரியோ 85! மிக உயர்ந்த மதிப்பெண் எது? எண்களுக்கெல்லாம் மேலாக எழுத்தை வரிசைப்படுத்துவது அதன் விதி. எனவே விடை, 'வரவில்லை'! தேர்வுக்கு வராதவரே முதலிடம் பெறுகிறார். எச்சரிக்கை ஏதும் வராது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அந்த இடத்தை வெற்றிடமாக விட்டிருந்தால், இரு தரவுத்தளங்களும் அதைக் கணக்கில் சேர்க்காமல் 85 என்றே கூறியிருக்கும்.

பின் நெகிழ்வு எதற்கு? ஒரு செயலியின் அமைப்புகளைச் சேமிக்கும்போது, ஒரு வரியில் ஒலியளவு எண்ணாகவும், அடுத்த வரியில் மொழியின் பெயர் எழுத்தாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் வைக்க நெகிழ்வு உதவுகிறது. கண்டிப்பை விரும்புவோருக்காக, 2021 நவம்பரில் வெளிவந்த எஸ்க்யூலைட் 3.37 பதிப்பில் 'ஸ்ட்ரிக்ட்' என்னும் அட்டவணை முறை சேர்க்கப்பட்டது.

இறுதியாக ஒரு வினா. மதுரையின் தொலைபேசிக் குறியீடு 0452. இதை 'முழு எண்' பத்தியில் பதிந்தால் எந்த முறை காப்பாற்றும்? இரண்டுமே காப்பாற்றா! முன்னுள்ள சுழியம் மறைந்து 452 மட்டுமே எஞ்சும். குறியீட்டைக் கூட்டவோ வகுக்கவோ போவதில்லை; எனவே அதற்கு உரியது எழுத்து வகையே. வகை தவறுகிறதா எனக் கணிப்பொறி காவல் காக்கலாம். சரியான வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.