ஆடியில் ஓடிய தேரும் ஐப்பசி மழையும்

கேள்வி: திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மனுக்குச் சின்ன மரத்தேர் ஒன்று இருக்கிறது. ஆடியில் தேர் ஓடி நிலைக்கு வந்ததும், பெரிய தார்ப்பாய் போட்டு அடிவரைக்கும் இறுக்கிக் கட்டிவிடுவோம். மழை, பனி எல்லாம் முடிந்து பங்குனியில் பிரித்தபோது, ஒரு யாளியின் காதில் விரல் பட்டதுமே மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு சொட்டு மழை படாத மரம் எப்படி இப்படி ஆகும்? மழைக்காலத்தில் தேரை எப்படித்தான் வைத்திருப்பது?
– வாசகர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தார்ப்பாய் மழையைத் தடுத்தது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த ஈரத்தையும் அது வெளியே விடவில்லை. பகல் வெயிலில் தேருக்கு அடியிலிருக்கும் மண்ணின் ஈரம் ஆவியாகி மேலே ஏறுகிறது. இரவில் பனி இறங்கித் தார்ப்பாய் குளிர்ந்ததும், அந்த ஆவி அதன் உள்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீராகிவிடுகிறது. மார்கழிக் காலையில் தார்ப்பாய்க்கு உள்ளே கையை விட்டுத் தடவினால் உள்ளங்கை நனைந்துவிடும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். காற்றில்லாத இடத்தில் அது வேகமாகப் பரவும்.

ஆனால் மாவாக உதிர்ந்தது என்கிறீர்களே, அங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மரம் கெடுவதில் முக்கியமாக மூன்று வகை உண்டு. ஈரத்தால் மக்கிய மரம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடித்து, துண்டாகப் பெயரும். கரையான் தரையிலிருந்து மண்பாதை கட்டிக்கொண்டு ஏறும். குண்டூசி நுழைகிற அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகளும், அவற்றின் கீழே முகப்பவுடர் போல நைசான தூளும் இருந்தால், அது உளுவண்டின் வேலை. இந்த வண்டுக்கு மழை தேவையில்லை. பட்டைக்கு அடுத்திருக்கும் வெளிறிய பாகத்தில் உள்ள மாவுச்சத்துதான் அதற்கு இரை. வைரம் பாய்ந்த பாகத்தை அது அநேகமாகத் தொடுவதில்லை. எனவே யாளியின் காதில் துளைகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. துளை இருந்தால் அந்தக் காதோடு விட்டுவிடாமல், அதே கட்டையில் செதுக்கிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

உளுவண்டுக்கு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை மரத்தில் ஊற விடுவது பல நாடுகளில் நெடுநாளாகப் புழங்கும் வைத்தியம். மழைத்தண்ணீரில் அது கரைந்து போய்விடும் என்பதால், நன்றாகக் காய்ந்த பிறகு மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும். டீசலையோ மண்ணெண்ணெயையோ பூசுகிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாணவேடிக்கை நடக்கிற இடத்தில் டீசல் ஊறிய மரத்தை நிறுத்துவது பெரிய ஆபத்து. திருவாரூர் ஆழித்தேரே 1926-இல் தீயில் எரிந்துபோய், 1930-இல் புதிதாகச் செய்யப்பட்டதுதான்.

தேர் நிற்கிற இடம் ஏன் முக்கியம் என்பதற்குத் திருவண்ணாமலையையே பார்க்கலாம். விநாயகர், முருகர், அண்ணாமலையாரின் பெரிய தேர், அம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளைச் சுற்றி வருகின்றன. அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிறார்கள். அந்த ஒரு நாள் போக வருடம் முழுக்க நிற்கத்தான் வேண்டும், அதுவும் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும். பெரிய தேரைச் சீரமைத்து 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விட்டார்கள். அடுத்த மூன்று வாரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. டிசம்பர் 10-ஆம் தேதி ஐந்து தேர்களும் ஓடின. இப்படிப்பட்ட மழை கொட்டும் ஊரில், தேர் நிற்கிற இடத்தைப் பற்றி அசட்டையாக இருக்க முடியாது.

சின்னத் தேருக்குத் தேவை ஒரு கொட்டகை, உறை அல்ல. கூரை தேரின் உச்சிக்கு மேல் இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். நான்கு பக்கமும் கூரையைச் சாரல் படாத அளவுக்கு நீட்டி இறக்கி, பக்கச் சுவருக்குக் கீழே ஓரடியும் மேலே ஓரடியும் திறந்து விட்டு, புறாவும் வௌவாலும் நுழையாதபடி கம்பி வலை அடித்தால் போதும். பறவை எச்சமும் மரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். உடனே கொட்டகை போட வசதியில்லையா? தார்ப்பாயை மூங்கில் சாரத்தின் மேல் போட்டு, மரத்தில் ஒட்டாமல் நிறுத்தி, அடிப்பக்கத்தைத் திறந்தே விடலாம். குளிர்நாடுகளில் கேரவன் வண்டி வைத்திருப்பவர்களும் பனிக்காலத்துக்கு மூடும்போது, காற்றுப் புகும் துணியுறையைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

நிலையும் மண்தரையாக இருக்கக் கூடாது. கருங்கல் பாவி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். மரச்சக்கரம் என்றால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரம் தாங்கி, மண்ணைத் தொடும் விளிம்பு முதலில் நைந்துவிடும். ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடிப்பாருக்குக் கீழே கட்டை அடுக்கிச் சக்கரத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். அதைச் சிறுவர்களை விட்டுச் செய்யாமல், தேர் வேலை தெரிந்த ஆசாரியை வைத்தே செய்ய வேண்டும். அச்சுக்கும் கடையாணிக்கும் கிரீஸ் பூசிவிட்டால் துரு அண்டாது. நெடுநாள் நின்ற தேரை மறுபடி ஓட்டுவது லேசல்ல. திருவாரூர்த் தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்று, 1970-இல்தான் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்குப் பொருத்தப்பட்டன.

வடத்தைத் தேருக்கடியில் சுருட்டிப் போடுவது பல ஊர்களில் நடக்கிறது. எலி குட்டி போடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெயிலில் காயவைத்து, உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். 2024 ஜூனில் நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்ததை நாடே பார்த்தது. இழுக்கிற கூட்டத்தின் உயிர் அந்தக் கயிற்றில் இருக்கிறது. தேர்ச்சீலையையும் தொம்பையையும் நன்றாக உலர்த்தி, வசம்புத் துண்டு போட்டுப் பெட்டியில் வைத்தால் பூச்சி வராது.

மாதம் ஒரு முறை கொட்டகையைத் திறந்து பார்ப்பதற்குப் பௌர்ணமியை நாளாக வைத்துக்கொள்ளலாம். கிரிவல ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த நாள் மறக்காது. ஒரு குத்தூசியால் பார்களின் முனைகளைக் குத்திப் பார்த்தால், மரத்தின் நிலை கைக்கே தெரிந்துவிடும். தண்ணீர் முதலில் ஏறுவது அந்த வெட்டுமுனைகள் வழியாகத்தான்.

இனி அந்த யாளி. சிமென்ட்டோ மரப்பசையோ வைத்துக் காதை ஒட்ட வேண்டாம். கோவில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால், செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு மரச்சிற்ப ஸ்தபதியைக் கூப்பிடுங்கள். அதுவரை மறுபக்கத்துக் காதின் மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து வையுங்கள். புதுக்காது செதுக்குகிறவர் முதலில் கேட்கப்போவது அந்த அளவைத்தான்.