வேடம் புனையும் உள்ளம்

கைப்பேசி விளையாட்டில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளை எண்ணி வருந்தும் பெற்றோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. எனினும், அப்பிள்ளை திரையில் எவ்வுருவம் தாங்கி உலவுகிறான் என்று வினவியோர் மிகச் சிலரே. முகம், உடை, பெயர், சிலவேளை ஆண் பெண் என்னும் பால்கூட அவன் தேர்ந்துகொள்வனவே. அவ்வுருவத்திற்கு ‘அவதார்’ என்பது பெயர். ‘அவதாரம்’ என்னும் வடசொல்லே அங்ஙனம் திரிந்தது. 1985இல் வெளிவந்த ‘அல்ட்டிமா’ வரிசையின் நான்காம் விளையாட்டு அச்சொல்லைத் தலைப்பிலேயே தாங்கியது.

அவதார வேடம் நம் தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. மெலட்டூர் பாகவத மேளாவில் பெண் வேடங்களையும் ஆடவரே புனைவது மரபு. பிரகலாத சரித்திர நாடகத்தில் நரசிம்மராக வருபவர் நோன்பிருந்தே முகமூடி அணிவார். அணிந்தபின் அவர் ஆவேசங்கொள்வதும், உடனிருப்போர் அவரைப் பற்றித் தாங்கிக்கொள்வதும் உண்டு. வேடம் ஆளை மாற்றும் என்பதை அவ்வூரார் ஆய்வுக்கூடம் இன்றியே அறிந்திருந்தனர்.

ஆய்வுக்கூடம் பின்னரே வந்தது. நிக் யீ, ஜெரிமி பெய்லன்சன் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் உயரமான உருவம் அளிக்கப்பெற்றோர் பணம் பங்கிடும் பேரத்தில் விட்டுக்கொடாது நின்றனர். அழகிய உருவம் பெற்றோர் பிறரை நெருங்கிச் சென்று தம்மைப் பற்றி மிகுதியும் பேசினர். நினைத்தவாறு உருமாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரால் இதனைப் ‘புரோட்டியஸ் விளைவு’ என்பர்.

தமிழ்ப் புலவர்க்கும் இது கைவந்த கலையே. தலைவி கூற்றாக ஆண்பாற் புலவர் பாடிய அகப்பாடல்கள் பல. நம்மாழ்வார் தலைவியாகி உருகினார். குணங்குடி மஸ்தான் சாகிபோ இறைமையை மனோன்மணி என்னும் பெண்ணாக்கித் தாம் காதலராக நின்றார். சொந்தக் குரலில் சொல்லவியலாததை வேற்றுக்குரல் சொல்லிவிடுகிறது.

ஆனால் மெலட்டூரில் பற்றித் தாங்க ஆளுண்டு. வேடம் கலைக்க நேரமுண்டு. நள்ளிரவில் போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசிக்கு இவ்விரண்டும் இல்லை. நம் கவலை ஈண்டே தொடங்கவேண்டும், வேடத்தில் அன்று.

நம் வகுப்பில் திக்குவாய் உடைய மாணவர் ஒருவர் உளர். வருகைப் பதிவிற்கு மறுமொழி கூறவும் தயங்குபவர். விளையாட்டில் அவர் படைத்தலைவராம். நால்வர்க்குக் கட்டளையிடுவாராம், அங்கே நா இடறுவதில்லையாம். உடன்பயில்வோர் சொல்லித்தான் அறிந்தோம். இவ்வாண்டு முத்தமிழ் விழா நாடகத்தில் வேடம் தரலாமா என அவரை வினவினோம். நெடுநேரம் நின்றார். பின்பு, முகம் மறைக்கும் வேடமா என்று கேட்டார். வாயிற்காவலர் வேடம் தந்துள்ளோம். தலைப்பாகையும் பெருமீசையும் உண்டு, வசனம் நான்கு வரி.