சூரன், சிங்கமுகன், தாரகன்: நம்ம வீட்டிலும் இருக்கும் மூன்று சுபாவங்கள்



"ஒரே வயித்துல பொறந்ததுங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே!" இந்தப் பேச்சு கேட்காத வீடு நம்ம பக்கத்தில் கிடையாது. மனுஷ சுபாவத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இன்றைய பாடம்.

*1. உடம்பின் சுபாவம்*

சித்த மருத்துவம் உடல்வாகை வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகப் பார்க்கிறது. யுனானியில் நான்கு வகை. 1798 முதல் 1832 வரை தஞ்சாவூரில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. வகைகளின் எண்ணிக்கை மாறினாலும் நம் மரபு வைத்தியம் சொல்வது ஒன்றுதான்: நோயை மட்டும் பார்த்தால் போதாது, ஆளையும் பார்க்கணும்.

*2. மனசின் சுபாவம்*

மனசுக்குப் பெரியவர்கள் சொன்ன மூன்று குணங்கள் சாத்விகம், ராஜசம், தாமசம். தெளிவும் அமைதியும் சாத்விகம். வேகமும் ஆசையும் ராஜசம். மந்தமும் மயக்கமும் தாமசம். இதில் முக்கியமானது, யாரும் ஒரே குணத்தால் ஆனவர் இல்லை. மூன்றும் எல்லாரிடமும் உண்டு, அளவுதான் வேறு. ஆபீசில் பரபரன்னு ஓடுகிறவர், வீட்டுக்கு வந்ததும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். திருவள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் ஒருவரின் குணம், குற்றம் இரண்டையும் பார்த்து, எது மிகுதியோ அதை வைத்து முடிவு செய்யச் சொல்கிறார்.

*3. மூன்று அண்ணன் தம்பிகள்*

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் மூவரும் காசிபருக்கும் மாயைக்கும் பிறந்தவர்கள். இவர்களை ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களாகச் சொல்வது சைவ மரபு. சுபாவமாகப் பார்த்தாலும் பாடம் கிடைக்கும்.

தாரகன் தந்திரக்காரன். கிரௌஞ்ச மலையின் மாயத்துக்குள் வீரபாகுவையும் படையையும் சிக்க வைத்தான்.

சிங்கமுகன் நல்லது தெரிந்தவன். "தேவர்களைச் சிறையிலிருந்து விடுங்கள்" என்று அண்ணனுக்கு எடுத்துச் சொன்னான். அண்ணன் கோபித்ததும் பணிந்துபோய், அவனுக்காகவே போருக்கும் போனான். நியாயம் தெரிந்தும் உறவுக்காக வாய் மூடும் ஆட்கள் நம்ம குடும்பத்திலும் இருக்காங்க இல்லையா?

சூரபன்மன் யார் சொல்லியும் கேட்காதவன். போர்க்களத்தில் முருகன் பேருருவம் காட்டியபோது அவனே வியந்து உருகிப்போனான். ஆனால் அந்தக் காட்சி மறைந்ததும் பழைய செருக்கு திரும்பிவிட்டது. ஒருநாள் உபதேசத்தில் சுபாவம் மாறாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

*4. நாம் செய்ய வேண்டியது*

குறுவை சுமார் நாலு மாசத்துக்குள் அறுப்புக்கு வரும். சம்பாவுக்கு அதைவிட அதிக நாள் வேணும். குறுவை அறுக்கிற நேரத்தில் சம்பா வயலில் நின்று "இது ஏன் இன்னும் கதிர் விடலை?" என்று எந்த விவசாயியும் திட்டமாட்டார். பிள்ளைகளிடம் மட்டும் நாம் அதைத்தான் செய்கிறோம். நிதானமான பிள்ளைக்கு "மந்தம்", துறுதுறு பிள்ளைக்கு "அடங்காதது" என்று பத்து வயசுக்குள் பேர் வைத்துவிடுகிறோம். அந்தப் பேரையே நம்பி அது வளர்ந்துவிடும்.

ஆகவே மூன்று பயிற்சிகள்:

• "அவன் அப்படித்தான்" என்று முடிவு கட்டாமல், எந்த நேரத்தில் அப்படி இருக்கிறான் என்று கவனியுங்கள்.
• வேகமானவரிடம் சுருக்கமாகப் பேசுங்கள். நிதானமானவருக்கு யோசிக்க நேரம் கொடுங்கள்.
• "என் சுபாவம் இது" என்பதை உங்கள் கோபத்துக்குச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

*5. முருகன் செய்தது*

கடைசியில் மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். முருகன் அவனை இல்லாமல் ஆக்கவில்லை. கர்வத்தோடு நின்றவன் சுமக்கிற வாகனமானான். போர்முழக்கம் செய்தவன் விடியலைச் சொல்லும் கொடியானான். அதே வேகம், அதே குரல், போகும் திசைதான் வேறு.

நம்ம வீட்டில் இருக்கும் பிடிவாதத்துக்கும் அப்படி ஒரு வேலை இருக்கும். அதைத் தேடிக் கொடுப்பது பெரியவர்கள் பொறுப்பு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!