பாக்கி வசூலுக்கு நேராகக் கோர்ட்டா?

கேள்வி: திண்டிவனத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். சரக்கு எடுத்த சென்னைக் கம்பெனி 7 லட்சம் பாக்கி. திவால் நோட்டீஸ் விட்டால் பணம் வருமா? இல்லை, நேராகக் கேஸ் போட்டுவிடலாமா?

பதில்: திவாலை மறந்துவிடுங்கள். 2020 மார்ச்சிலிருந்து அதற்கு ஒரு கோடியாவது பாக்கி இருக்க வேண்டும். அது அவர்கள் வக்கீலுக்கும் தெரியும். வியாபாரப் பாக்கி வட்டியோடு 3 லட்சத்தைத் தொட்டாலே வணிக நீதிமன்றச் சட்டம்தான். அதன் 12ஏ பிரிவு, முதலில் சமரசத்துக்குப் போகச் சொல்கிறது. வெறும் சம்பிரதாயம் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2022 ஆகஸ்டில், பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில், உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கியது; மீறினால் வழக்குரையே நிராகரிக்கப்படும். உண்மையிலேயே அவசரத் தடையாணை வேண்டுமென்றால் மட்டும் விலக்கு. ஒப்புக்கு ஒரு தடை மனுவைச் செருகும் வித்தை 2023க்குப் பிறகு எடுபடுவதில்லை.

சரக்கு உங்கள் ஆலையில் கைமாறியிருந்தால், விழுப்புரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் 1,000 ரூபாய் கட்டி சமரச மனு கொடுங்கள். கம்பெனிக்காரர்கள் வராவிட்டால் ஆணைக்குழு தரும் அறிக்கையோடு கேஸ் போடலாம். வந்து உடன்பாட்டில் கையெழுத்திட்டால் அதற்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு. சமரசத்தில் கழியும் நாள்கள், கேஸ் போடுவதற்கான 3 ஆண்டுக் கெடுவில் சேரா. பில், லாரி ரசீது, பாக்கியை ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் தகவல் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.