ஒரு சுவிட்சும் ஹிப்ஹாப்பும்

ஹிப்ஹாப் என்றால் தொப்பியைத் திருப்பிப் போட்டுக் குதிப்பது மட்டுமில்லை. நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்ற ஏழைப் பகுதியில் பிறந்தது அது. 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்பல் என்ற மாணவி, ஸ்கூலுக்குப் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி நடத்தினார். இசைத்தட்டு ஓட்டியவர் அண்ணன் கூல் ஹெர்க். பாட்டில் தாளம் மட்டும் வரும் சில நொடிகளை, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டும் வழியைக் கண்டவர் அவரே.

எனக்குப் பிடித்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், நம்ம ஆளு! அடுத்த தட்டு கூட்டத்துக்குக் கேட்காமல் தன் ஹெட்போனில் மட்டும் கேட்கணும். அதற்காக ஒரு சிங்கிள் போல் டபுள் த்ரோ சுவிட்சை வாங்கி மிக்சரில் பசை போட்டு ஒட்டினார். நம் லேப் டப்பாவில் கிடக்கும் அதே சுவிட்ச்தான்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "படிச்சு என்னடா கிழிக்கப் போறே" என்று தெருவில் கேட்கிறார்கள். அந்தத் தெருப் பையன்கள் மூணு பேர் இப்போது சாயங்காலம் வருகிறார்கள். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறோம்.