மருந்து அறையும் மின்னணுக் கருவியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாரணாபுரத்தைச் சுற்றியும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலும் பட்டாசுத் தொழிலை நவீனமாக்குவது பற்றிப் பேச்செடுத்தால், வெடிமருந்து இருக்கும் இடத்தில் மின்சாரம் கூடாது, டிஜிட்டல் கருவி மின்சாரத்தில் இயங்குவது, ஆகவே இந்தத் தொழிலுக்கு டிஜிட்டல் ஒத்துவராது என்ற பதில்தான் முதலில் வருகிறது. ஆலை உரிமையாளரும் போர்மேனும் கணக்கரும் ஒரே சொற்களில் திருப்பிச் சொல்லும் இந்த வாதம், ஒரு சரியான விதியில் தொடங்கி முற்றிலும் தவறான முடிவில் முடிவதால், கேட்பவரை எளிதில் நம்பவைத்துவிடுகிறது.

விதி சரியானதுதான். மருந்து கலக்கும் அறையிலும் அதைப் பட்டாசுக்குள் செலுத்தும் அறையிலும் விளக்கோ மின்விசிறியோ இல்லாமல் பகல் வெளிச்சத்தில் மட்டுமே வேலை நடக்க வேண்டும் என்பதும், ஆலைக்குள் கைப்பேசி கொண்டுசெல்லக் கூடாது என்பதும் தளர்த்தப்பட வேண்டியவை அல்ல. ஆனால் இணைக்கப்பட்ட டிஜிட்டல் தொழில்நுட்பம் என்பது கலவை அறைக்குள் கம்பி இழுப்பதன்று. எடை, வெப்பம், ஈரப்பதம், ஆள் எண்ணிக்கை போன்றவற்றை உணரிகள், அதாவது ஓர் அளவைக் குறிப்பலையாக மாற்றித் தரும் சிறு கருவிகள், அளந்து அனுப்ப, அந்த அளவுகள் ஓரிடத்தில் சேர்ந்து, உரியவருக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கையாகச் சென்று சேரும் ஏற்பாட்டுக்கே அந்தப் பெயர். அளக்கும் இடம் அறைக்குள்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

மின்சாரமே காணாத அந்த அறைகளில்தான் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் இறக்கிறார்கள் என்பதை இந்த வாதத்தைச் சொல்பவர்கள் ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் பேசப்படும் காரணங்கள் பெரும்பாலும் இவையே: மருந்தில் உராய்வு, அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள், அனுமதித்ததைவிடக் கூடுதல் மருந்து, முந்தைய நாள் எஞ்சிய கலவை, யார் பொறுப்பு என்றே தெரியாதபடி அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கும் உள்குத்தகை. இவற்றுள் உராய்வு நீங்கலாக மற்றவை அனைத்தும் கணக்கு தவறுவதால் நேர்பவை.

எனவே இத்தொழிலில் காலாவதியான அமைப்பு எது என்று கேட்டால், இயந்திரத்தை அன்று, பதிவேட்டையே காட்ட வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று உரிமம் வரையறுக்கிறது. மாவட்ட வருவாய் அலுவலர் தரும் உரிமமாயினும் நாக்பூரிலுள்ள மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு தரும் உரிமமாயினும் இந்த வரையறை உண்டு. ஆயினும் அந்தக் கணக்கு மாலையில் ஒருவர் கையால் எழுதப்படுகிறது, ஆய்வுக்கு அதிகாரி வரும்போது புரட்டப்படுகிறது, தீபாவளி நெருக்கத்தில் மரத்தடியில் அமர்ந்து வேலை செய்யும் பெண்களை அது எண்ணுவதே இல்லை. மூலப்பொருள் குடோன் வாசலுக்கு வெளியே ஒரு மின்னணு எடைமேடையும் ஆலையின் நுழைவாயிலில் வருகைப் பதிவுக் கருவியும் இருந்து, இரண்டும் ஒரே கணக்கில் சேருமானால், காலையில் எடுத்துச் சென்ற வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் ஆகியவற்றின் எடையிலிருந்து செலுத்தி முடித்த சரக்கிலுள்ள மருந்தின் எடையைக் கழித்து, எஞ்சிய கலவை எவ்வளவு என்பதை வேலை முடியும் முன்பே அறியலாம். அலுமினியப் பவுடரும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவை ஈரம் பட்டால் தானே வினைபுரிந்து சூடேறக்கூடியது. அதைத் தடுக்கவே சிறிது போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் உள்ளது. அத்தகைய கலவை எஞ்சி ஓர் இரவு முழுவதும் கிடப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது போர்மேன் பயிற்சி பெற்ற எவருக்கும் தெரியும். எஞ்சியது எத்தனை கிலோ என்பதுதான் தெரிவதில்லை.

அறை வாசலில் உடலின் நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்வதற்காகப் பதித்திருக்கும் செப்புத் தகட்டின் நிலையும் இப்படி அளக்கப்படாததே. வறண்ட நாளில் மனித உடலில் பல ஆயிரம் வோல்ட் அளவுக்கு நிலைமின்னூட்டம் சேரக்கூடும். தகட்டிலிருந்து மண்ணுக்குச் செல்லும் இணைப்பு துருப்பிடித்து அறுந்திருந்தால், அதைத் தொட்டுவிட்டு உள்ளே செல்லும் தொழிலாளிக்குக் கிடைப்பது பாதுகாப்பு இருப்பதான எண்ணம் மட்டுமே. அந்த இணைப்பின் மின்தடையை அறைக்கு வெளியே, வேலை தொடங்கும் முன், நாள்தோறும் அளந்து பதிவுசெய்வதற்கு எந்த விதி தடையாக நிற்கிறது?

அறைக்குள்ளேயே வெப்பத்தை அளந்தாக வேண்டிய தேவை எழுந்தாலும் வழியில்லாமல் போகவில்லை. 1913 அக்டோபர் 14 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 439 தொழிலாளர்களைப் பலிகொண்ட வெடிப்புக்கு, மணி அடிக்கும் கம்பியில் எழுந்த பொறி காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தபின், உள்ளார்ந்த பாதுகாப்பு என்னும் முறை வளர்ந்தது. கம்பி அறுந்தாலும் உரசினாலும் எழும் பொறி தீமூட்டப் போதாத அளவுக்கு மின்னாற்றலை முன்கூட்டியே கட்டுப்படுத்துவது அதன் அடிப்படை. எனினும் ‘வெடிப்புக் காப்பு’ முத்திரை பெற்ற எந்தக் கருவியையும் மருந்து அறையில் பொருத்தலாம் என்று கூறும் விற்பனையாளரையும் நம்பக் கூடாது. அந்தச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான ஐஇசி 60079 என்னும் பன்னாட்டுத் தரநிலை, எரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவைப்படும் வாயுவுக்கும் தூசிக்கும் உரியது. பட்டாசு மருந்தோ தனக்குத் தேவையான ஆக்சிஜனை நைட்ரேட் வடிவில் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. மின்சாரம் பாயாமல் ஒளியை மட்டும் கடத்தும் கண்ணாடி இழை உணரி இதைவிடப் பொருத்தமானது. அதையும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சிவகாசியில் உள்ள தன் ஆராய்ச்சி மையத்தில், உரிய கலவைகளோடு சோதித்துப் பார்த்த பிறகே அனுமதிக்க வேண்டும்.

சீனாவின் லியூயாங் நகரில் மருந்து கலப்பதும் செலுத்துவதும் சுவருக்கு அப்பால் மனிதர் நிற்க இயந்திரத்தால் நடக்கும் அளவுக்கு மாறியுள்ளது. அங்கும் 2019 டிசம்பர் 4 அன்று ஓர் ஆலை வெடித்து 13 பேர் இறந்தனர், உண்மையான எண்ணிக்கை முதலில் மறைக்கப்பட்டது. இயந்திரம் புதிதாகிக் கணக்கு பொய்யாகவே தொடர்ந்தால் விளைவு இதுதான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. பழைய இயந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியன வாங்கினால்தான் டிஜிட்டல் என்று, பட்டாசோடு அச்சுத் தொழிலும் நடக்கும் சிவகாசியின் அச்சகங்களில் சொல்லப்படுவது தவறு. ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இரண்டாம் கையாக வந்து பல்லாண்டுகளாக ஓடும் ஆப்செட் இயந்திரத்தில், தாள் வெளிவரும் முனையில் ஓர் ஒளி உணரியும், மோட்டார் கம்பியை வெட்டாமல் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் ஒரு வளையமும் பொருத்தினால், எத்தனை தாள் ஓடியது, எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்பவை தெரிந்துவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள இயந்திரமானால், 1979இல் வெளியான மாட்பஸ் என்னும் தகவல் பரிமாற்ற முறையை இன்றைய கணினியோடு இணைக்கும் இடைக்கருவிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

அதற்காக அலுவலகத்தில் கிடக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினியை அப்படியே இணையத்தில் சேர்த்துவிடக் கூடாது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டது, 2017 மே மாதம் பரவிய வன்னாகிரை நச்சுநிரல் பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினிகளையே தேடிப் பிடித்தது. கண்காணிப்புக் கேமரா வைத்தாயிற்று என்பதும் போதாது, விபத்தைப் பதிவுசெய்வது வேறு, தடுப்பது வேறு. பசுமைப் பட்டாசுப் பெட்டியில், மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பான நீரி நிறுவனத்தின் கியூஆர் குறியீடு இருப்பதால் ஆலையே டிஜிட்டலாகிவிட்டது என்பது வெறும் பெருமைப் பேச்சு. அந்தக் குறியீடு வாங்குபவருக்கானது, மருந்து அறையில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

இந்தக் கருவிகள் வாங்கப்படும் ஆலைகளிலும் ஒரு குறை காணப்படுகிறது. திரையும் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில், அலுவலக அறையில், உரிமையாளரின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அமைகின்றன. மருந்து செலுத்துவோரில் பெரும்பகுதியினர் எண்ணிக்கைக் கூலிக்கு உழைக்கும் பெண்கள். அவர்களுடைய வேகத்தை அளக்க மட்டும் கருவியைப் பயன்படுத்தினால், உணரி புதிய கங்காணியாகவே மாறும். அறை வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில், பாதுகாப்பான இடத்தில், அன்றைய ஈரப்பதம், அந்த அறைக்கு அனுமதித்த ஆள், இப்போது உள்ள ஆள், எஞ்சிய மருந்து ஆகிய நான்கும் பெரிய தமிழ் எழுத்தில் தெரிய வேண்டும். அளவு மீறியதைக் கண்டு வேலையை நிறுத்தும் தொழிலாளிக்கு அன்றைய கூலி குறையாது என்பது உரிம நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும். போர்மேன் சான்றிதழ்த் தேர்வில் இந்த அளவுகளைப் படித்து முடிவெடுக்கும் பகுதி தமிழில் சேர்க்கப்பட வேண்டும்.